சேர்த்து வைத்த விடுப்பு

இக்கட்டுரையில் நான் நேரில் கண்டவற்றையும், என் காதுபடப் பேசப்பட்டவற்றையும், அலுவல் முறையில் என் கைவழியே சென்றவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். இந்தக் கட்டுப்பாட்டை எனக்குப் பழக்கியது என் தொழில். நலக் காப்பீட்டில் ஒருவர் அறிந்ததை மறைத்தாலும், அறியாததை ஊகித்து எழுதினாலும், முடிவில் துன்பப்படுபவர் நோயாளியே. நோய் எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு அவசரத்தில் ஊகமாக எழுதப்பட்ட ஒரு விடை, பின்னாளில் மருத்துவமனையின் கட்டண மேசையில் ஒரு குடும்பத்தையே திகைத்து நிற்க வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே எனக்கு நினைவு மங்கிய இடங்களில், மங்கியது என்றே சொல்வேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். நோய் அவர்களுடையது, அதை ஊரறியச் சொல்லும் உரிமை எனக்கில்லை.

எழுதத் தூண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. நான் பணிக்காலம் முழுவதும் இருந்த குன்னூர்க் கிளை அலுவலகம் இப்போது இல்லை. அதைக் கோயம்புத்தூர் அலுவலகத்தோடு இணைத்துவிட்டார்கள். நாங்கள் அமர்ந்திருந்த இடத்தில் இன்று கைப்பேசி பழுதுபார்க்கும் கடை நடக்கிறது. கோயம்புத்தூரில் பணியாற்றும் சிந்து என்னும் இளம் அலுவலர் ஒரு மாலை என்னை அழைத்தார்.

"சார், வேல போனவரு ஒருத்தருங்க. கம்பெனி பாலிசி முடியப் போகுது. அவரு பேருக்கு மாத்திக்கலாம்னு லிங்க் அனுப்பியாச்சு, போனும் பண்ணியாச்சு. எல்லாத்துக்கும் சரிங்க சரிங்கறாரு, ஒண்ணும் செய்ய மாட்டேங்கறாரு. உங்க காலத்துல இப்படி ஆளுங்க வந்தா என்னங்க பண்ணுவீங்க?"

பிறகு நானே அழைப்பதாகச் சொல்லி வைத்தேன். வெலிங்டன் சரிவில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் மனிதக் குரல் கேட்பது அரிது. படைப்பயிற்சி மையத்திலிருந்து எழும் ஊதுகொம்பின் ஒலி ஒன்றுதான் வேளை தவறாமல் வருவது. அழைப்பு முடிந்த பின்னும் நெடுநேரம் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். அவர் கேள்விக்கு விடையாகச் சொல்ல என்னிடம் ஒரு நிகழ்ச்சிதான் இருந்தது. அதைத் தொலைபேசியில் முழுதாகச் சொல்ல முடியாது.

ஈரோட்டுப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவன் நான். கல்லூரியில் தமிழ் இலக்கியம் பயின்று, ஆசிரியப் பணிக்குக் காத்திருந்த காலத்தில் எழுதிய தேர்வொன்று என்னைக் காப்பீட்டு நிறுவனத்தின் உதவியாளனாக இம்மலைக்கு அனுப்பியது. ஓராண்டில் திரும்பிவிடலாம் என்றெண்ணி ஒரே ஒரு கம்பளி வாங்கினேன். வாகனம், தீ விபத்து, நிலச்சரிவு என்று பிரிவு பிரிவாகப் பழக்கிய பிறகு நலக் காப்பீட்டுப் பிரிவில் அமர்த்தினார்கள். பணிக்காலம் அங்கேயே முடிந்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஊழியர்களுக்கான எங்கள் காப்பீட்டுப் படிவத்தில், என் பெயருக்குக் கீழே துணைக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்கிய கட்டங்களில் ஆண்டுதோறும் கோடு கிழித்துக் கொடுப்பேன். அலுவலகத்தில் எல்லோரும் என்னைப் 'புலவர்' என்றே அழைத்தார்கள். அதில் மதிப்பும் இருந்தது, கேலியும் இருந்தது.

கேலியைத் தொடங்கி வைத்தவர் என் கடைசி மேலாளர் கோமதி அம்மையார். பொள்ளாச்சிக்காரர். என்னைவிட வயதில் இளையவர். அவர் கிளைக்கு வந்த புதிதில் நான் வரைந்த கடிதமொன்றைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க புலவரே, இந்த லெட்டரு கெடச்சா அவங்க பாலிசியப் புதுப்பிப்பாங்களா, இல்ல மறுபடியும் பள்ளிக்கூடத்துல சேருவாங்களா?"

"பிழை ஏதும் இருக்கிறதா, மேடம்?"

"பிழையே இல்லீங்க. அதுதான் பயமா இருக்குது."

அவருடைய பணிமுறையில் ஒன்றை நான் வேறெந்த மேலாளரிடமும் கண்டதில்லை. அவர் வந்த முதல் மாதத்தில், வேலையிழந்த ஓட்டுநர் ஒருவர் காலில் கட்டோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவர் பணிபுரிந்த நிறுவனத்தின் காப்பீடு முன்பே காலாவதியாகியிருந்தது. தொடர்வதற்கான வாய்ப்பையும் அவர் தவறவிட்டிருந்தார். அப்போதிருந்த மூத்த உதவியாளர் விதிகளை ஒவ்வொன்றாக, பொறுமையாக, மரியாதையாக விளக்கினார். ஓட்டுநர் ஒவ்வொரு விதிக்கும் தலையசைத்தார். பாதிப் பேச்சிலேயே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்து, எங்கே கையெழுத்திட வேண்டும் என்று காகிதத்தைத் தேடத் தொடங்கினார். முடிவில் 'ஆகவே இயலாது' என்ற சொல் வந்தபோதும் அந்தப் பேனா திறந்தபடியே இருந்தது. தம் அறை வாயிலில் நின்று அம்மையார் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை எங்களை அழைத்துச் சொன்னார். "இல்லைங்கறத மொதல்ல சொல்லிருங்க. காரணத்த அப்பறமாச் சொல்லிக்கலாம். காரணத்தக் கேட்டுட்டு இருக்கற வரைக்கும் மனசு ஆமான்னே நெனச்சுட்டு இருக்குமுங்க. அதுக்கு நம்ம இடங்குடுக்கக் கூடாது. இன்னொண்ணு, இல்லைங்கறத எதுத்தாப்புல உக்காந்து சொல்லாதீங்க. பக்கத்துல போயி உக்காந்து சொல்லுங்க."

அதன்பின் கிளையில் இது நடைமுறையாயிற்று. மறுக்க வேண்டியவரிடம் நாங்கள் எழுந்து சென்று, முகப்பு மேசைக்கு வெளியே இருந்த நீள்பலகையில் அவர் அருகில் அமர்வோம். முதற்சொல் 'இல்லை' என்பதாக இருக்கும். மற்றொரு நடைமுறையும் உண்டு. நோயைப் பற்றிய கேள்விகளை நோயுற்றவரிடமே கேட்க வேண்டும். கணவனோ மகனோ அவருக்காகச் சொல்லும் விடையை எழுதக் கூடாது. நோயாளி வர முடியாவிட்டால் நாங்கள் போவோம். இவ்விரண்டும் நிறுவனத்தின் விதிப்புத்தகத்தில் இல்லாதவை.

அவர் மேலாளராக இருந்த காலத்தில்தான் அரவேணுவுக்கு அப்பால் இருந்த ஒரு தேயிலை ஆலை மூடப்பட்டது. அதன் அலுவலர்களுக்கும் நிரந்தரப் பணியாளர்களுக்கும் எங்கள் கிளை குழுக் காப்பீடு வழங்கியிருந்தது. ஆலை செலுத்திய கட்டணத்தில் பணியாளரும் அவர் குடும்பமும் மருத்துவப் பாதுகாப்புப் பெற்றிருந்தனர். வேலை போனால் அதுவும் போகும். ஆனால் குழுக் காப்பீட்டின் காலம் முடிவதற்குள் ஒருவர் விண்ணப்பித்துக் கட்டணமும் செலுத்தினால், அதே பாதுகாப்பைத் தம் பெயரில் தனிக் காப்பீடாகத் தொடரலாம். அப்படித் தொடர்பவருக்கு, குழுவில் இருந்த ஆண்டுகளெல்லாம் கணக்கில் வரும். விட்டுவிட்டுப் பிறகு புதிதாக எடுத்தால், முன்பே உள்ள நோய்க்குச் சில ஆண்டுகள் வரை எதுவும் கிடைக்காது. மருந்தோடு வாழும் ஒரு வீட்டுக்கு இந்த வேறுபாடு சாதாரணமானதன்று.

தொழிற்சங்கம் ஆலை நிர்வாகத்திடம் பேசி ஓர் உதவி பெற்றது. தனிக் காப்பீடாகத் தொடர்பவர்களின் முதலாண்டுக் கட்டணத்துக்கு உதவியாக நிர்வாகம் ஒரு தொகையை மொத்தமாகத் தரும். யாருக்கு எவ்வளவு என்பதைப் பணியாளர்களே முடிவு செய்ய வேண்டும். எல்லோருக்கும் பகிர்ந்தால் ஒருவருக்கும் பயன்படாத அளவே அந்தத் தொகை இருந்தது. ஆகவே வேண்டாதவர்கள் விட்டுக்கொடுப்பது, வேண்டியவர்களுக்கு அது போய்ச் சேர்வது என்று பேசிக்கொண்டார்கள். ஆலையின் உணவுக்கூடத்தில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு அம்மையாரும் நானும் சென்றிருந்தோம். இயந்திரங்கள் நின்றுபோன ஆலையில் பேச்சு எதிரொலித்தது. தேயிலையின் மணம் மட்டும் சுவரில் அப்படியே இருந்தது.

முதலில் எழுந்தவர் பழனிச்சாமி. கொழுந்தை வாட்டுவது முதல் உலர்த்துவது வரை பக்குவம் பார்க்கும் பொறுப்பாளர். ஆலைகளில் அவரை டீ மேக்கர் என்பார்கள். ஐம்பது கடந்தவர், ஒல்லியான உருவம், குழந்தைகள் இல்லை.

"எனக்கு வேண்டாமுங்க. எம் பங்க ஜெயராமனுக்குக் குடுத்துருங்க," என்றார்.

ஜெயராமன் ஆலையின் கணக்கர். அவருடைய இளைய பிள்ளைக்கு வலிப்பு நோய் உண்டு. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னாலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது.

"அண்ணனுக்கு எதுக்குடா இன்சூரன்சு? டீத்தூளு மூக்குல ஏறி ஏறி, நோவெல்லாம் தும்மிட்டே ஓடிப் போயிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். பழனிச்சாமியும் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை. அவரைத் தனியே அழைத்துப் போய்க் கேட்டார். நான் உடனிருந்தேன்.

"நல்லா ரோசன பண்ணீட்டீங்களாண்ணா?"

"பண்ணீட்டனுங்க."

"ஊட்ல யாருக்காச்சும் நோவு நொடி?"

"நானும் அவளுந்தானுங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லீங்க."

அவர் விட்டுக்கொடுத்த பங்கும் சேர்ந்ததால் ஜெயராமனின் கட்டணம் ஏறக்குறைய முழுதாக அடைபட்டது. அவருடைய காப்பீடு அடுத்த சில நாள்களில் வழங்கப்பட்டது. பழனிச்சாமிக்கு, உதவி இல்லாவிட்டாலும் தம் சொந்தப் பணத்தில் தொடரலாம் என்று நினைவூட்டல் அனுப்பினோம். விடையில்லை. மறுபடியும் அனுப்பினோம். ஒருமுறை நானே தொலைபேசியில் அழைத்தேன். "சரிங்க, சரிங்க," என்றார். சிந்து சொன்னபோது எனக்கு நினைவு வந்தது அந்தக் குரல்தான்.

குழுக் காப்பீடு முடிய ஒரு வாரமே இருந்தபோது அவர் அலுவலகத்துக்கு வந்தார். மூடுபனி இறங்கியிருந்த காலைப்பொழுது. கோயம்புத்தூர் மருத்துவமனை ஒன்றின் செலவு மதிப்பீட்டை முகப்பு மேசையில் வைத்தார். மனைவி ருக்குமணிக்கு இதய வால்வில் பழுது. அறுவை செய்ய வேண்டும். ஆனால் உடனே செய்ய முடியாது. பற்களில் சீழ் இருந்தது. இரத்தமும் குறைவாக இருந்தது. அவற்றைச் சரிசெய்த பின், இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே நாள் குறிப்பார்கள். அந்த நாள் வரும்போது குழுக் காப்பீடு இருக்காது.

"எப்பிடி எடுக்கறதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க," என்றார்.

"எதை எடுப்பது?"

"சேந்திருக்கறதத்தானுங்க. ஃபேக்டரில இன்சூரன்சு போட்ட நாள்ல இருந்து நாங்க ஒரு ரூவா வாங்கலீங்க. லீவு மாதிரிதானுங்க? நான் லீவே போட மாட்டனுங்க. கொழுந்து லீவு போட்டாத்தான டீ மேக்கரு லீவு போட முடியும்? மூடறப்ப அத்தன லீவுக்கும் கணக்குப் பண்ணிக் காசாக் குடுத்தாங்க. இதும் அப்பிடித்தான் கெடக்கும்னு, நாம் பாட்டுக்கு விட்டுட்டனுங்க. ஜெயராமன் பாவம், எல்லாத்தையும் எடுத்துத் தீத்துட்டான். அதான் எம் பங்க அவனுக்குக் குடுத்தேன்."

அதைக் கேட்ட பிறகுதான், அவர் விட்டுக்கொடுத்ததன் பொருள் எனக்கு விளங்கியது. தோட்டத்திலும் ஆலையிலும் வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு இது இயல்பான எண்ணமே. அங்கே துய்க்காத விடுப்பு வீணாவதில்லை. உடலை வருத்தி மிச்சப்படுத்திய ஒவ்வொரு நாளும் ஒருநாள் மதிப்போடு திரும்பி வரும். நோயில்லாமல் கழிந்த ஆண்டுகள் மட்டும் ஏன் திரும்பி வரக் கூடாது என்று அவர் எண்ணினார்.

நான் உள்ளே சென்று அம்மையாரிடம் சொன்னேன். அவர் மதிப்பீட்டை ஒருமுறை படித்தார். பிறகு எழுந்து வெளியே வந்து, நீள்பலகையில் பழனிச்சாமியின் அருகில் அமர்ந்தார். மற்றப் பணியாளர்களுக்குத் துணையாக எங்கள் அலுவலகத்துக்குப் பலமுறை வந்தவர் பழனிச்சாமி. அந்தப் பலகையின் பொருளை அவர் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். அம்மையார் அமரும் முன்பே அவருடைய கைகள் முழங்கால்மேல் சேர்ந்துகொண்டன.

"இல்லீங்கண்ணா. எதுவும் சேந்திருக்கல," என்றார் அம்மையார். பிறகே காரணத்துக்கு வந்தார். "இது லீவு மாதிரி இல்லீங்க. அந்தந்த வருசத்துப் பாதுகாப்பு அந்தந்த வருசத்தோட முடிஞ்சுருது. நோவு வந்தாலும் முடிஞ்சுருது, வரலீன்னாலும் முடிஞ்சுருது. ஆனா அத்தன வருசம் நீங்க உள்ள இருந்தீங்கங்கறது கணக்குல இருக்குது. அது இன்னும் போயிரல. இந்த வாரத்துக்குள்ள உங்க பேர்ல மாத்திக் கட்டீட்டீங்கன்னா, அக்காவோட ஆப்பரேசனுக்கு அது வேலை செய்யும். விட்டுட்டா செய்யாது."

பழனிச்சாமி மதிப்பீட்டைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பின்பு, முழுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னோம். விடுப்புக்காகக் கிடைத்த தொகை அவரிடம் அப்படியே இருந்தது. ஆனால் ஆலைக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அரவேணுவில் ஒரு சின்ன வீட்டைப் போக்கியத்துக்குப் பேசி முடித்திருந்தார். அந்தத் தொகையை மறுநாள் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தாயிற்று. கட்டணத்தைச் செலுத்தினால் வீடில்லை. வீட்டுக்குக் கொடுத்தால் காப்பீடில்லை.

"ஜெயராமங்கிட்ட நான் கேட்டுப் பாக்கட்டுங்களா?" என்றார் அம்மையார். "அவரு பாலிசிய ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா விசயந் தெரிஞ்சா, கைல இருக்கறதக் குடுப்பாரு. அதுக்கு அக்காவோட நோவ நான் அவருகிட்டச் சொல்லணும். உங்க ரெண்டு பேரு சம்மதம் இல்லாமச் சொல்ல மாட்டேன்."

"அவகிட்டக் கேக்கணுமுங்க," என்றார் பழனிச்சாமி.

ருக்குமணியிடம் நோய்க் கேள்விகளைக் கேட்டாக வேண்டியும் இருந்தது. பேருந்து நிற்கும் இடம் வரை ஏறி வர அவரால் முடியாது. அன்று பிற்பகலே நாங்கள் அரவேணு வழியாக ஆலைக் குடியிருப்புக்குப் போனோம். வரிசையாக இருந்த வீடுகளில் பெரும்பாலானவை காலியாகியிருந்தன. சில வீடுகளில் சன்னல் கதவுகளையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் மட்டும் துணி உலர்ந்துகொண்டிருந்தது. அதுதான் அவர்களுடையது.

ருக்குமணி அம்மாள் கட்டிலில் தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழ முயன்றார்.

"உக்காருங்கக்கா. நாங்க ஒண்ணும் பொண்ணு பாக்க வரல," என்றார் அம்மையார்.

"வந்திருந்தாக்கூடச் சொல்லியிருப்பேன் அம்மிணி, ஃபேக்டரிக்காரனுக்குக் குடுக்க வேண்டாம்னு," என்றார் அந்த அம்மாள். மூச்சு வாங்கினாலும் சிரித்தார்.

நான் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டேன். அம்மையார் கேட்டார்.

"மூச்சு வாங்கறது எப்ப இருந்துங்கக்கா?"

பழனிச்சாமி விடை சொன்னார். "போன மாசம், மேட்டுப்பாளையத்துல கண்ணாலத்துக்குப் போனப்ப..."

அம்மையார் கையை மெல்ல உயர்த்தினார். "அக்கா சொல்லட்டுமுங்கண்ணா."

ருக்குமணி அம்மாள் கணவரைப் பார்க்காமல் சொன்னார். "அஞ்சாறு வருசமா இருக்குதுங்க. படுத்தா நெஞ்ச அடைக்கும். எந்திரிச்சு உக்காந்தாச் சரியாப் போயிரும். அப்பறம் உக்காந்தே தூங்கிப் பழகிருச்சு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே?" என்றார் பழனிச்சாமி.

"நீங்க ஃபேக்டரில இருந்து வர்றப்ப விடிஞ்சிருமுங்க. விடியறப்ப நான் எந்திரிச்சு உக்காந்துதான இருப்பேன்."

பழனிச்சாமி சுவரோடு சாய்ந்தார். கொழுந்து மாலையில் வந்து சேரும். ஆலை இரவில்தான் ஓடும். விடியலில் வீட்டுக்கு வரும்போது மனைவி கட்டிலில் உட்கார்ந்திருப்பதை அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறார். தமக்காக முன்னதாகவே விழித்துக் காத்திருக்கிறாள் என்று எண்ணியிருந்ததாக அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார். நான் விடையை அப்படியே எழுதினேன். இத்தனை ஆண்டுகள் நோய் இருந்தது என்று எழுதுவதால் இப்போது கெடுதல் இல்லை. குழுவில் இருந்த காலம் அதைவிட நீண்டது. எழுதாமல் விட்டால்தான் கெடுதல்.

பிறகு அம்மையார் ஜெயராமனைப் பற்றிக் கேட்டார்.

"வேண்டாம் அம்மிணி," என்றார் ருக்குமணி அம்மாள். "அந்தப் பையனுக்கு வலிப்பு வர்றப்ப நானே போயிப் புடிச்சிருக்கறேன். அவங்களுக்குக் குடுத்தது குடுத்ததுதான். எனக்கு நோவுன்னு அவங்களுக்குத் தெரியவும் வேண்டாம். தெரிஞ்சா அவங்க சோறு திங்க மாட்டாங்க."

"அப்ப ஊட்டுக்கு வெச்சிருக்கற காசுதான் இருக்குது," என்றார் பழனிச்சாமி. அவர் குரல் தாழ்ந்திருந்தது. "அதக் கட்டீட்டா எங்க போயி இருக்கறது? அந்த லீவெல்லாம் நான் உனக்காகத்தான் சேத்து வெச்சேன்."

அந்த அம்மாள் அப்போதுதான் கணவரை நேராகப் பார்த்தார்.

"எனக்காக எதுக்குங்க சேத்து வெச்சீங்க? நான் கேட்டது ஞாயித்துக்கெழம மட்டுந்தான். அதயும் சேத்து வெச்சுட்டீங்க."

அம்மையார் தம் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் படிவத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"அந்த லீவு உங்களுதுன்னு நெனச்சுட்டு இருக்கறீங்க," என்றார் ருக்குமணி அம்மாள் மெதுவாக. "அது எங்கிட்ட இருந்து எடுத்ததுங்க. அத எனக்கே கட்டிருங்க. அரவேணு ஊடு வேண்டாம். கோபில அக்கா ஊட்டுல ஒரு ரூம்பு இருக்குது. குளிரும் இருக்காது. நீங்க கூட இருந்தாச் சரி."

அம்மையார் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் பேருந்துச் சன்னலோரம் அமர்ந்திருந்தார். கோத்தகிரிச் சாலையின் வளைவுகளில் பனி இறங்கி, எதிரே வந்த வண்டிகள் பகலிலேயே விளக்கெரித்து வந்தன. ஒருமுறை மட்டும் பேசினார்.

"ஏனுங்க புலவரே, அந்தக்கா ஞாயித்துக்கெழம கேட்டாங்களே, நம்ம படிவத்துல அதுக்கு ஒரு கேள்வி இல்லீங்களே."



மறுநாள் பழனிச்சாமி வந்து முழுக் கட்டணத்தையும் செலுத்தினார். காப்பீடு குழுக் காலம் முடிவதற்குள் வழங்கப்பட்டது. முகவரியைக் கோபிக்கு மாற்றிக் கொடுத்தோம். மலையை விட்டுப் போகும் நாளில், வாடகை வண்டியை எங்கள் அலுவலக வாசலில் நிறுத்திவிட்டு மனைவியையும் அழைத்து வந்தார். அவரை நீள்பலகையில் அமரச் செய்தோம். அம்மையார் அடையாள அட்டையை அவர் கையில் கொடுத்து அருகில் அமர்ந்தார். அந்தப் பலகையில் அவர் நல்ல செய்திக்காக அமர்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"இதக் காட்டுனா டாக்டரு பயப்படுவாரா அம்மிணி?"

"டாக்டரு பயப்பட மாட்டாருங்கக்கா. பில்லுப் போடறவரு சித்த நேரம் யோசிப்பாரு."

வண்டி பேருந்து நிலையத்தைக் கடந்து பர்லியார் வழியாக இறங்கும் சாலையில் திரும்பும் வரை நான் வாசலில் நின்றேன். வண்டியின் மேல் ஒரு கட்டிலும் தலையணைகளும் கட்டப்பட்டிருந்தன.

அந்த ஆண்டுக் காப்பீடு முடிந்து புதுப்பிக்கும் காலம் வருவதற்கு முன்பே நான் ஓய்வு பெற்றேன். அம்மையார் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனார். பொங்கலன்று ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்புவார். அதில் இதைப் பற்றி ஒன்றும் இராது. கிளை மூடப்பட்டபோது அந்த நீள்பலகை என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். ஏலத்தில் போயிற்று என்றார்கள்.

சிந்து அழைத்த இரண்டு நாள் கழித்து நானே அவரை அழைத்தேன். அந்த மனிதரின் வீட்டுக்கு நேரில் போகுமாறும், நோயுற்றவர் யாரோ அவரிடமே பேசுமாறும் சொன்னேன். காரணமாக இந்நிகழ்ச்சியைப் பெயர்களின்றிச் சுருக்கிச் சொன்னேன். அவர் கேட்டார்.

"அந்தம்மாளுக்கு அப்பறம் என்னாச்சுங்க சார்? பாலிசி நம்பரு ஞாபகம் இருந்தாச் சொல்லுங்க. இப்பவே பாத்துச் சொல்லிர்றேன்."

எண் எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. சொல்லவில்லை. அந்தக் கோப்பைத் திறக்கும் உரிமை என் பணியோடு முடிந்துவிட்டது என்று அவருக்கு விளக்கினேன். அது உண்மை. வேறு காரணமும் என்னுள் இருக்கலாம். அதை நான் சரிபார்க்கவில்லை.

ஆகவே தெரியாதவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். ருக்குமணி அம்மாளுக்கு அறுவை நடந்ததா என்பது எனக்குத் தெரியாது. உதவித் தொகை முதலாண்டோடு முடிந்த பிறகு, ஆலையில் வேலையிழந்தவர்களில் எவரெவர் காப்பீட்டைத் தொடர்ந்தார்கள் என்பது தெரியாது. ஜெயராமன் உண்மையை அறிந்தாரா என்பது தெரியாது. கோபியில் அந்த அறையில் ருக்குமணி அம்மாள் இப்போது படுத்து உறங்குகிறாரா, உட்கார்ந்தே உறங்குகிறாரா, இருக்கிறாரா என்பதும் தெரியாது.